நிற்கவும் காணவும் ஓர் இடம்

மருத்துவர் விதித்தது ஒரே கட்டுப்பாடு. கடலில் இறங்கலாம், மிதக்கலாம், மிதந்தபடியே மீன்களைப் பார்க்கலாம்; மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. களைப்பு என்று தோன்றிய கணமே கால் ஊன்றி நின்றுவிட வேண்டும். சென்ற ஆண்டு என் மனைவி மரகதத்தின் இதயக் குழாயில் அடைப்பை நீக்கிக் கம்பிவலை பொருத்தியவர் அவர். கோவையில் அவருடைய அறையில் அமர்ந்து இதைக் கேட்டபோது மரகதம் தலையை ஆட்டினாள். நான் மனத்தில் எழுதிக்கொண்டேன். பயணம் முழுவதும் அந்தச் சொற்களை அவள் ஒருமுறைகூட நினைத்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு வேளைகூட மறக்கவில்லை.

மரகதத்தின் தம்பி சென்னியப்பன் கோவை கணபதிப் பகுதியில் நீரேற்றும் மோட்டார் செய்யும் பட்டறை நடத்துகிறார். மாலத்தீவைச் சேர்ந்த சிறு தீவு ஒன்றில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு அவருடைய மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். பொருத்திக்கொடுக்கத் தாமே புறப்பட்டவர், எங்களையும் அழைத்தார். நான் தயங்கினேன். மரகதம் தயங்கவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தோட்டத்துக் கிணற்றில் நீந்தி வளர்ந்தவள் அவள். மணமாகி என்னோடு நகரத்துக்கு வந்தபின் நீந்தியதே இல்லை. கண்ணாடி அணிந்து, வாயில் குழாய் கவ்வி, நீர்மேல் குப்புற மிதந்து அடிப்பரப்பைக் காணும் முறையைத் தம்பி கைப்பேசியில் காட்டியதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. "மீனு நம்ம கூடவே வருமாமுங்க," என்று என்னிடம் பலமுறை சொன்னாள்.

நானோ நீந்தத் தெரியாதவன். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீரோடு எனக்குள்ள உறவு செய்யுளளவில் முடிவது. இதை அறிந்தும் மரகதம் ஓர் ஏற்பாடு செய்தாள்.

"எங்க எறங்கறதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்ன எடத்துலதான் எறங்குவேன்."

என் அச்சத்தைத் தணிப்பதற்காகச் சொன்னாள். அன்றிலிருந்துதான் எனக்கு உறக்கம் குறைந்தது.

மாலத்தீவின் தலைநகர வானூர்தி நிலையத்தில் எங்கள் பெட்டியைத் திறந்த அலுவலர், பருப்புப்பொடியை முகர்ந்து பார்த்தார். அரிசிம்பருப்புச் சோற்றுக்கென்று மரகதம் வறுத்துக் கலந்து கட்டிய பொட்டலத்தை விளக்கருகே தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார். இவை உணவுப் பொருள்கள் என்று நான் ஆங்கிலத்தில் விரிவாக விளக்கத் தொடங்கினேன். என் விளக்கம் நீள நீள அவருடைய ஐயமும் வளர்ந்தது. சென்னியப்பன் இடையில் புகுந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டு மென்று காட்டினார். பெட்டி மூடப்பட்டது.

விரைவுப்படகில் தீவை அடைந்தபோது மனிதர் வந்திருந்தோம், மோட்டார் வரவில்லை. சரக்குப்படகு அதை வேறொரு தீவில் இறக்கிவிட்டதாம். எந்தத் தீவு என்பதில் படகுக்காரர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. சென்னியப்பன் கைப்பேசியோடு துறையிலேயே நின்றுவிட்டார். எனக்கு அந்த நிகழ்ச்சி தீக்குறியாகப் பட்டது. இரும்புப் பெட்டியையே தவறவிடும் கடலில் ஒரு பெண்ணை எப்படி இறக்குவது?

விடுதி உரிமையாளர் இப்ராகிம் என்னும் நடுவயதினர். தம் அன்னையின் கண் மருத்துவத்துக்காக ஒருமுறை கோவைக்கு வந்தவர். எங்கள் ஊரைப் பற்றி அவர் நினைவில் வைத்திருந்தது ஒன்றே: குழாயில் வந்த தண்ணீர் இனித்தது. மழைநீரையும் கடலிலிருந்து பிரித்த நீரையும் குடித்து வளர்ந்த நாவுக்கு அது வியப்பாக இருந்திருக்கும். "சிறுவாணித் தண்ணிங்க," என்று சென்னியப்பன் தமிழிலேயே விடையளித்தார். அதில் ஒலித்த பெருமிதத்தை மொழிபெயர்க்கத் தேவை ஏற்படவில்லை.

காலை உணவாகத் துருவிய தேங்காயும் சூரைமீனும் வெங்காயமும் பிசைந்து ஒரு கிண்ணத்திலும், மெல்லிய சப்பாத்தி தட்டிலும் வந்தன. நான் மரக்கறி உண்பவன் என்றதும் இப்ராகிம் வருந்தி, மீனை நீக்கி எலுமிச்சை பிழிந்து தேங்காயை மட்டும் கொண்டுவந்தார். தேங்காய் நம்முடையதே போல் இனித்தது. உடனே கேட்டேன்: கடலில் இறங்கிப் பார்க்க நல்ல இடம் எது?

"எங்கே இறங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும்," என்றார்.

இதைக் காட்டிலும் கலக்கம் தரும் விடையை அவர் அளித்திருக்க இயலாது.

தீவைச் சுற்றி நடந்து பார்த்தேன். அதன் அமைப்பு நம் வயலைப் போன்றது. சுற்றிலும் பவளப்பாறை வரப்புப் போல் ஓடுகிறது. வரப்புக்கு உள்ளே வெளிறிய பச்சை நீர், ஆழமற்றது, மணல் தரை. வரப்புக்கு அப்பால் நீர் சட்டென்று கருநீலமாகிறது; அங்கே ஆழம் கிணறு போல் விழுகிறது. மீன்கள் வாழ்வது அந்த வரப்பின் விளிம்பில். எனவே என் இடர்ப்பாடு முதல் நாளே தெளிவாயிற்று. நிற்கக்கூடிய இடத்தில் காண ஒன்றுமில்லை. காணக்கூடிய இடத்தில் நிற்க வழியில்லை. பவளத்தின்மீது கால் வைப்பது அங்கே குற்றம், வைத்தால் காலும் கிழியும்.

முதல் நாள் அச்சமே வென்றது. மேற்குக் கரையில் மணல் தரையைத் தேர்ந்தேன். மரகதம் முழுக்கைச் சுடிதாரும் செம்மஞ்சள் மிதவைச் சட்டையுமாக இறங்கினாள். எங்கே நின்றாலும் இடுப்பளவு நீர். நெடுநேரம் மிதந்துவிட்டு எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஒரே மணலுங்க. கருப்பா ட்யூப்பு மாதிரி ரெண்டு படுத்துக் கெடந்துச்சு. அது அசையவும் இல்ல. இதுக்கு நம்மூட்டுத் தண்ணித்தொட்டியிலயே பாத்திருக்கலாம்."

அவள் கண்டவை கடலட்டைகள் என்று விளக்கினேன். அவ்விளக்கம் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சென்னியப்பனுக்கு வேறு துன்பம். அவருடைய மீசை அடர்ந்தது, ஓரங்களில் மேல்நோக்கித் திருகியது. கண்ணாடியின் விளிம்பு அதன்மேல் படியாமல் நீர் உள்ளே புகுந்து மூக்கை நிறைத்தது. மீசையை எடுத்துவிட்டால் சரியாகும் என்று இப்ராகிம் எளிதாகச் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

"மீசையில்லாம ஊருக்குப் போனா, யாரு தவறிப்போயிட்டாங்கன்னு சனம் பந்தல் போட வந்துருமுங்க," என்றார் சென்னியப்பன். இப்ராகிம் உள்ளே சென்று வாசலின் களிம்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மீசையில் அதைப் பூசிக்கொண்ட பிறகு நீர் ஓரளவு நின்றது.

இரண்டாம் நாள் முழுவதும் இடம் தேடினேன். வாய்க்காலில் நீரோட்டம் அறிய இலையை இட்டுப் பார்ப்பதுண்டு. அவ்வாறே தேங்காய் மட்டைத் துண்டுகளை எறிந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். தெற்கு விளிம்பில் கடலாமை உண்டு என்று விடுதியில் தங்கியிருந்த செருமானிய மூதாட்டி ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே எறிந்த மட்டை, அலை உடையாத அமைதியான இடைவெளியொன்றை நோக்கி நகர்ந்தது. கரையோரமாக நானும் கூடவே நடந்தேன். அது என்னை முந்திற்று. பின் கருநீலத்துள் சென்று மறைந்தது. பார்வைக்கு அமைதியாக இருந்த அந்த இடம்தான் கடலின் மடை. வரப்பின்மேல் ஏறி வந்த நீரெல்லாம் அவ்வழியேதான் திரும்பிப் போகிறது. கையில் எஞ்சிய மட்டைகளை எறியாமலே திரும்பினேன்.

கிழக்கே காற்று மிகுதி, நீர் கலங்கியிருந்தது. வடக்கே நீர் வற்றும்போது பவளம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் அடியில் நின்றது. மிதப்பவர் வயிறு உரசும். படகுத்துறை வாயிலருகே மீன்கள் கூட்டமாகத் திரிந்தன, ஆனால் படகுகளும் திரிந்தன. செருமானிய மூதாட்டி எதிர்ப்பட்ட போதெல்லாம் எனக்கு ஊக்கம் ஊட்டினார். ஓட்டத்தை எதிர்த்து நீந்திப் போக வேண்டுமாம், பிறகு ஓட்டமே கொண்டுவந்து விடுமாம். அவருக்கு என்னைவிட வயது மிகுதி. அவர் நெஞ்சில் கம்பிவலை உண்டா என்று கேட்பது நாகரிகமன்று என்பதால் கேட்கவில்லை.

இவ்வளவு நேரமும் மரகதம் கரையோர மர நிழலில், கண்ணாடியை நெற்றியில் மாட்டியபடி அமர்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை நான் திரும்பி வரும்போதும் எழுந்து நின்றாள். நான் தலையசைத்ததும் அமர்ந்தாள். வெயில் சாய்ந்தபோது கண்ணாடியைக் கழற்றி அதிலிருந்த மணலைத் துடைத்தாள்.

"பரவாயில்லீங்க. நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

கொங்கு நாட்டில் வாழ்ந்தவர்க்கு இதற்கு உரை வேண்டா. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் மரியாதை ஏறுகிறது என்றால், உள்ளே அந்த அளவுக்குச் சினம் ஏறியிருக்கிறது. மறுநாள் ஒன்றுதான் எஞ்சியிருந்தது.

உணவின்போது சென்னியப்பன் என் பக்கம் சாய்ந்தார். "மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எடம் பாக்கறது பொண்ணு பாக்கறாப்பல இருக்குதுங்க. ஒண்ணு மூக்கு சரியில்ல, ஒண்ணு ஒசரம் பத்தல. முகூர்த்தம் போயிருமுங்க."

"உங்க அக்காளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா மாப்பிள்ளை?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் படகுத்துறையின் கோடிக்குத் தனியே சென்றேன். நீர் வற்றியிருந்தது. துறையிலிருந்து தென்மேற்காக, படகு வழிக்கு நேர் மறுபுறம் பார்த்தபோது, கரும்புள்ளிகளாகத் தெரிந்த பவளத்திட்டுகளுக்கு நடுவே வெளிறிய பட்டை ஒன்று தென்பட்டது. கரை மணலே நாக்குப் போல் நீண்டு பவளத்துள் புகுந்திருந்தது. இருபுறமும் பவளச் சுவர், நடுவே மணல். மிதப்பவர் இடமும் வலமும் காணலாம். களைத்தால் மணலில் நிற்கலாம். கோடியில் மட்டும் தரை சரிந்து இரண்டு ஆள் ஆழமாயிற்று. முந்தைய இரு நாள்களும் நான் துறைப்பக்கம் வந்தபோதெல்லாம் நீர் உயர்ந்திருந்ததால், அலையின் மினுமினுப்பு இதை மறைத்திருந்தது.

மட்டையை எறிந்தேன். அது தயங்கி நின்று, சுழன்று, மெல்லக் கரையை நோக்கித் திரும்பிற்று. மறுபடியும் எறிந்தேன். மறுபடியும் திரும்பிற்று. இன்னும் சில முறை எறிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்ராகிமை அழைத்துக் காட்டினேன். நீர் ஏறத் தொடங்கி ஓட்டம் அடங்கியிருக்கும் பொழுதில் இறங்குங்கள் என்றார். "அதுவும் நன்றாகத்தான் இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று காலை மோட்டாரும் வந்து சேர்ந்தது. பெட்டியோடு, மோட்டாரை ஆழ்துளைக் குழிக்குள் இறக்கும் நைலான் கயிறும் வந்தது. அதன் உறுதியைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, முற்பகலுக்கு மட்டும் இரவல் கேட்டேன்.

"எதுக்குங்க மச்சான்?"

"உங்க அக்காளுக்கு."

சென்னியப்பன் கயிற்றைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். மரகதம் மிதவைச் சட்டையின் முதுகு வளையத்தில் நான் கயிற்றைக் கட்டும்வரை அசையாமல் நின்றாள்.

"எருமைய மேயக் கட்டறாப்பல கட்டறீங்க," என்றாள். "சேரிங்க. எடம் சொல்லிப்போட்டீங்கல்ல, அது போதுமுங்க."

நீரில் இறங்கினோம். நெஞ்சளவு நீரில் மணலில் கால் ஊன்றி நான் நின்றேன். அருகே சென்னியப்பன் கயிற்றுச் சுருளைப் பிடித்திருந்தார். மரகதம் முகத்தை நீரில் வைத்து, காலை ஒருமுறை உதைத்தாள். அவ்வளவுதான், நழுவிப் போனாள். அவள் அப்படி நகர்வாள் என்பதை நான் அறியேன். வீட்டில் முழங்கால் வலியோடு படியேறுபவள், அங்கே எடையற்று, வளைவின்றி, ஒலியின்றிச் சென்றாள்.

இடப்பக்கச் சுவரருகே நின்றாள். ஒரு கையைப் பின்னே நீட்டி விரல்களை அசைத்துக் காட்டினாள். மீன் என்று பொருள் கொண்டோம். வலப்பக்கம் போனாள். அங்கும் விரல்கள் அசைந்தன. குழாயின் நுனி நீர்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் மூச்சொலியை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கும்வரை எனக்கு அமைதி.

மணல் நாவின் கோடியில் அவள் நெடுநேரம் மிதந்து நின்றாள். நான் கண்ணிமைக்கும் நேரம் கரையைப் பார்த்தேன். இப்ராகிம் துறையிலிருந்து கையசைத்தார். திரும்பியபோது மூச்சொலி இல்லை.

"கயிறு லேசாயிருச்சுங்க மச்சான்," என்றார் சென்னியப்பன்.

குழிக்குள் இறக்கிய மோட்டார் தரை தட்டினால் கயிறு அப்படித்தான் தளருமாம். அவர் குரல் பட்டறையில் பேசுவது போலவே இருந்தது. முகம் அப்படி இல்லை. இழுத்தார். கயிறு எடையின்றி வந்தது. செம்மஞ்சள் சட்டை நீர்மேல் தனியாக மிதந்து வந்தது. அதன் கொக்கிகள் திறந்திருந்தன.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். கழுத்தளவு. இன்னோரடி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கால் அறிந்து நின்றுவிட்டது. மருத்துவரின் அறை, அவருடைய மேசை, அவர் சொன்ன அந்த ஒற்றைத் தொடர் எல்லாம் அந்த நீரில் என் கண்முன் வந்தன. இந்த இடத்தைத் தேர்ந்தவன் நான். சென்னியப்பன் கயிற்றை என் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தார்.

அவர் பாய்ந்த இடத்துக்கு அப்பால் நீர் பிளந்தது. முதலில் ஒரு கை வந்தது, முட்டி மடக்கிய கை, வானை நோக்கி உயர்த்தியபடி. பிறகு தலை. குழாயைத் துப்பிவிட்டு மரகதம் பெருமூச்சு வாங்கினாள். வாங்கியபடியே சிரித்தாள். சென்னியப்பன் அந்த முட்டியைப் பார்த்த மாத்திரத்தில் நீருக்குள்ளேயே கைகொட்டினார்.

"மண்ணெடுத்துட்டு வந்துருக்குதுங்க மச்சான்."

அவர்கள் தோட்டத்துக் கிணற்றின் வழக்கம் அது என்று அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. அடி தொட்டேன் என்று வாயால் சொன்னால் படிக்கட்டில் நிற்பவர் நம்ப மாட்டார்கள். கைப்பிடி சேற்றோடு மேலே வந்து, முட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாதவர் மறுபடி முழுக வேண்டும். மரகதம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதைக் காட்டிக்கொண்டு வந்தாள்.

மணிக்கட்டைப் பற்றி நாடியைப் பார்த்தேன். விரைந்து துடித்தது என் விரலா அவள் கையா என்று பிரித்தறிய முடியவில்லை.

"மூச்சடக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"அடக்கோணும்னு நெனைக்கலீங்க. சட்டை மேல தூக்கிட்டே இருந்துச்சு, கழட்டிப்போட்டேன். கீழ மணலப் பாத்ததும் கை தானாப் போயிருச்சுங்க."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லீங்க. கண்ணுதான் உப்புல எரியுது."

போதும், கரையேறு என்றேன். என் குரல் எனக்கே பிறர் குரலாக ஒலித்தது. அவள் எதிர்க்கவில்லை. "சேரிங்க," என்று வந்து மணலில் அமர்ந்தாள். முட்டியை மட்டும் விரிக்கவில்லை. சென்னியப்பன் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். மூச்சு சீரடையும்வரை அவள் விலா ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். சீரடைந்தது. முகத்தில் நல்ல நிறமும் வந்தது.

இப்ராகிம் துறையிலிருந்து இறங்கி வந்தார். நலம் உசாவிவிட்டு அவள் முட்டியைக் காட்டிச் சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: இங்கே கடலிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது, மணலாயினும்.

மொழிபெயர்த்தேன். மரகதம் கையை விரித்து, ரவை போல் வெளுத்திருந்த அந்த மணலைப் பார்த்தாள்.

"ஊட்டுக்குக் கொண்டுபோறதுக்கா எடுத்தேன்? எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாரேனுங்க." பிறகு என்னை நோக்கினாள். "நீங்க சொன்னாத்தான் எறங்குவேன்."

மணலைக் கரையிலேயே கொட்டியிருக்கலாம். இதுவும் அதே மணல்தான். அவள் அறிவாள், நானும் அறிவேன். இப்ராகிம் கடலைப் பார்த்துக்கொண்டார். நீர் இன்னும் அமைதியாகவே இருந்தது. மறுநாள் இந்நேரம் நாங்கள் வானத்தில் இருப்போம். வேண்டாம் என்று சொன்னால் அவள் "பரவாயில்லீங்க" என்பாள். கோவை வரையிலும் அதற்கு அப்பாலும் அந்தச் சொல்லோடு நான் வாழ வேண்டும்.

"சட்டையக் கழட்டக் கூடாது," என்றேன். "நான் நிக்கிற எடத்துக்கு அப்பால போகக் கூடாது. நானும் பக்கத்துலயே தண்ணிக்குள்ள பாத்துட்டு இருப்பேன்."

சென்னியப்பன் சுற்றிய கயிற்றைக் கீழே போட்டார். "மச்சான், நீங்களுங்களா?"

அவருடைய கண்ணாடியை எனக்கு மாட்டி, என் நரைமீசையில் டப்பாவிலிருந்த மிச்சத்தைத் தடவிவிட்டார். குழாயைக் கவ்வச் சொன்னார். நெஞ்சளவு நீரில் மணலில் காலை ஊன்றி, மரகதத்தின் மிதவைச் சட்டைப் பட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, முகத்தை நீரில் வைத்தேன்.

முதலில் என் பாதங்களைக் கண்டேன். வெளுத்து, பெரிதாக, யாருடையவோ போல் நின்றன. அப்பால் பவளச் சுவரில் மஞ்சளும் கருப்புமாகத் தட்டையான மீன்கள் நுழைந்து வெளிவந்துகொண்டிருந்தன. பச்சை மீன் ஒன்று பாறையைக் கொறித்தது. அந்தக் கொறிப்பு எனக்குக் கேட்டது. என் முகத்துக்கு நேரே மரகதத்தின் கை நீண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மணல் உடனே விழவில்லை. புகை போல் தொங்கி, பரவி, மெல்ல இறங்கிற்று. அது தரையைத் தொடும் முன்னரே, தாடையில் இரு மீசை இழைகள் கொண்ட சிறு மீன்கள் எங்கிருந்தோ வந்து சூழ்ந்தன. இழைகளால் மணலைத் துழாவின. என் கால்விரல்களுக்கு இடையிலும் துழாவின. அவை என்னைக் கல் என்று கருதின. அப்படியே இருக்கட்டும் என்று நானும் அசையாமல் நின்றேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். மறுபடி, வலுவாக. தலையைத் தூக்கினேன். மரகதம் குழாயைக் கையில் பிடித்தபடி, கவலை தோய்ந்த முகத்தோடு என்னையே பார்த்திருந்தாள்.

"ஏனுங்க, வாயில கொழாய் எதுக்குங்க இருக்குது? எத்தன நேரமா அடக்கீட்டு நிக்கறீங்க. மூச்சு உடுங்க."